சம்பந்தி நேரலையில் இருக்கிறார்

1

இந்தக் கதை தொலைபேசியில் பிறந்தது. தலைநகரிலிருந்து ஒரு பதிப்பாசிரியர் அழைத்தார். ‘வடக்கின் அணு ஆயுதமும் மானுடத்தின் எதிர்காலமும்’ என்று ஒரு சிறுகதைத் தொகுப்பு வருகிறதாம். வட கொரியாவுக்கு எதிரே இருக்கும் தென் கொரிய எல்லைத் தீவில் குடியிருக்கும் ஆள் என்பதால் என்னிடமும் ஒன்று கேட்டார்.

“படிக்கிறவனுக்கு மயிர் சிலிர்க்கணும் சார். உலகமே உங்க தீவைத்தான் பாத்துக்கிட்டிருக்கு.”

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உலகம் தென்படவில்லை. துறையில் இரண்டு பேர் நண்டு வலையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாய் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. தீவைப் பார்த்தது அது ஒன்றுதான்.

இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். முதல் வாக்கியத்தை அன்றே எழுதிவிட்டேன்:

‘விடியலின் செம்மையைக் கிழித்துக்கொண்டு, மனித குலத்தின் தலைவிதியைச் சுமந்தபடி, அந்த ஏவுகணை—’

அதற்கு மேல் பேனா நகரவில்லை. அது கிளம்பியது மத்தியானச் சாப்பாட்டு வேளையில். எங்களில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. மனித குலத்தின் தலைவிதியை அது சுமந்ததா என்பது தெரியாது. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் தலைவிதியைச் சுமந்தது என்பது மட்டும் நிச்சயம்.

அந்தப் பெண்ணிலிருந்தே தொடங்குகிறேன். இல்லை, அவள் அம்மாவிலிருந்து. அம்மாவை விட்டுவிட்டு மகளில் தொடங்கினால் அம்மா சும்மா இருக்க மாட்டாள்.

2

இரண்டாவது தொடக்கம்:

‘கூ மல்சுன் விதவை. எதிர்க்கரையிலிருந்து வந்த குண்டு ஒன்று அவள் கணவனை—’

பதிப்பாசிரியருக்குப் பிடித்திருக்கும். ஒரே சிக்கல், மல்சுனின் கணவர் உயிரோடு இருக்கிறார். இஞ்சியோன் நகரத்து ஆஸ்பத்திரியில் முழங்கால் அறுவை முடிந்து, காலை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரரிடம் சீட்டில் தோற்றுக்கொண்டிருந்தார் அப்போது. அவரைக் கொல்ல மல்சுனிடமே அனுமதி கேட்டேன்.

“கதையிலதானே அண்ணே?”

“கதையிலதான்.”

“அப்ப படகு யாரு பேர்ல இருக்கும்?”

“உன் பேர்ல.”

கொஞ்சம் யோசித்தாள். ஆசையாகத்தான் யோசித்தாள். “வேணாம்ணே. அந்த ஆளு படிச்சுப் பாத்துட்டு, ‘நான்தான் செத்துட்டேனே, எனக்கெதுக்கு வேலை’ன்னு அப்படியே படுத்துக்குவான்.”

ஆகவே கணவர் உயிரோடு இருக்கிறார்.

மல்சுன் நண்டுப் படகின் தலைவி. தீவில் படகை நடத்தும் பெண் அவள் ஒருத்திதான் என்பதை அவள் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம், ஆனால் சொல்லாமல் விடமாட்டாள். வசந்தத்தில் பெட்டை நண்டுகள் முட்டையோடு கனத்து வலையில் ஏறும்போது, அந்த முட்டைகளைத் தானே வைத்தவள் போல் துறையில் நடப்பாள். வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்காது. கேட்டால் புயல் என்பாள். உண்மையில் கிம்ச்சி ஊறுகாய் ஜாடியின் மூடி.*

* இதை எழுதக் கூடாது என்று அவள் கேட்டுக்கொண்டாள். தொகுப்பு தீவுக்கு வராது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஒரே மகள் நாரே, அதே படகில் வலை இழுக்கிறாள். இரண்டு வருடம் முன் படகின் இயந்திரம் நின்றபோது இஞ்சியோனிலிருந்து கியூமின் என்ற பழுதுபார்ப்பவன் வந்தான். ஒரு மணி நேர வேலை. ஒரு வாரம் பார்த்தான். அதற்குப் பிறகு அந்த இயந்திரம் எத்தனை முறை நின்றது, அதை நிறுத்தியது யார் என்பதெல்லாம் இந்தக் கதைக்குள் வராது. இருவரும் கல்யாணம் செய்துகொண்டு தீவிலேயே குடியிருந்து படகை ஓட்டுவது என்று முடிவாகியிருந்தது. கணவரின் முழங்கால் இனிக் கடலுக்கு ஆகாது. இளையவர்கள் இருந்தால் படகு இருக்கும். இல்லையென்றால் விற்றுவிட வேண்டியதுதான். மல்சுன் இதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள், அதுவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

மாப்பிள்ளையின் அப்பாதான் சம்மதிக்கவில்லை.

3

மாப்பிள்ளையின் அப்பாவை எங்கள் நாட்டில் தெரியாதவர் இல்லை. பேராசிரியர் மேங் குவாங்சோக். வடக்கு எதையாவது வானத்தில் விட்டால், அது கடலில் விழுவதற்குள் இவர் தொலைக்காட்சியில் உட்கார்ந்திருப்பார். முதுகுக்குப் பின்னால் வரைபடம், முன்னால் மேசைமேல் பொம்மை ஏவுகணை. “நிலைமை கடுமையானது” என்பார். “அடுத்த சில நாட்கள் மிக முக்கியமானவை” என்பார். நான் இந்தத் தீவுக்குக் குடிவந்த நாளிலிருந்து எல்லா நாட்களும் அடுத்த சில நாட்களாகவே இருந்துவருகின்றன.

அவர் இப்படிச் சொன்ன மாலையே எங்கள் விடுதிகளுக்கு போன் வரும். குடும்பத்தோடு நண்டு சாப்பிட வருவதாக இருந்தவர்கள் தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்பார்கள். இந்த நாட்டில் தாத்தாக்கள் எல்லோரும் ஒரே நாளில்தான் படுக்கிறார்கள். அதோடு மீன்பிடிக்கவும் தடை வந்துவிட்டால் தீர்ந்தது: படகு துறையில், வலை கடலில், நண்டு வலைக்குள்ளேயே செத்து நாறும். ஊர்த் தலைவர் தக் இதற்காக வடக்கைத் திட்டி நான் கேட்டதில்லை. “அவனுங்க விடுறது கடல்ல விழுது. இந்தாளு விடுறதுதான் நம்ம தலையில விழுது” என்பார்.

முதல் வரைவில் மேங்கை முழுக் கோமாளியாக எழுதினேன். வாயைத் திறந்தால் வரைபடம், மூடினால் குறட்டை. நன்றாகத்தான் வந்தது. நானே படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது ஒரு கேள்வி மிச்சமிருந்தது: எதிர்க்கரையில் அணுகுண்டு வைத்திருக்கிறார்கள் என்று இந்த ஆள் சொல்வது பொய்யா? பொய் இல்லை. அப்படியானால் நான் சிரித்தது எதற்கு?

(இந்த இடத்தில் மூன்று பக்கம் கட்டுரை எழுதியிருந்தேன். உலகத்திலிருந்து ஒதுங்கி உட்கார்ந்த ஒரு நாடு, தன் கையிலிருக்கும் ஒரே பொருளை எல்லோர் முகத்துக்கும் நேராக ஆட்டுவதைப் பற்றி. ஆழமாக இருந்தது. மறுநாள் படித்தபோது மேங்கின் குரலில் இருந்தது. கிழித்துவிட்டேன்.)

4

இரு வீட்டார் கூடிச் சாப்பிட்டுச் சம்பந்தம் பேசும் விருந்தை எங்கள் பக்கம் நகரத்தில் ஒரு நல்ல உணவகத்தில் வைப்பார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில், யாருக்கும் தாழ்வில்லாமல். மல்சுன் மறுத்துவிட்டாள். “என் பொண்ணு குடித்தனம் பண்ணப்போற இடத்தை அவங்க கண்ணால பாக்க வேணாமா?” மேங்கும் ஒப்புக்கொண்டு கப்பலேறினார். நாகரிகமாக ‘வேண்டாம்’ சொல்ல வேண்டுமென்றால் ஒரு தடவையாவது நேரில் வர வேண்டும் அல்லவா.

கடல் கண்ணாடியாக இருந்த நாள். அப்படிப்பட்ட நாளில் மல்சுன் படகைத் துறையில் கட்டிப்போட்டாள். அதைப் போன்ற மரியாதையை இந்தத் தீவில் யாரும் யாருக்கும் செய்ததில்லை. அது மேங்குக்குத் தெரிய வாய்ப்பில்லை.

பெண் வீட்டுப் பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று மல்சுன் கணவரின் கோட்டை எனக்கு மாட்டிவிட்டு, பெண்ணுக்குப் பெரியப்பா என்று உட்கார வைத்தார்கள். கோட்டுப் பொத்தான் போட்டால் மூச்சு விட முடியாது, மூச்சு விட்டால் பொத்தான் நிற்காது. இந்தக் கதையின் முக்கியமான கட்டங்களில் நான் அதிகம் பேசாததற்குக் காரணம் அதுதான்.

சோயாச் சாற்றில் ஊறவைத்த நண்டு வந்தது. (நண்டைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டேன். பசியோடு படிப்பவர்களுக்கு அணு ஆயுதத்தில் மனம் நிற்காது.)

“ஓட்டுக்குள்ள சோத்தைப் போட்டுப் பிசைஞ்சு சாப்பிடுங்க சார். கையை அப்பறம் கழுவிக்கலாம். வெக்கப்படாதீங்க.”

மேங்கின் மனைவி மிரான் அதற்குள் இரண்டாவது ஓட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேங் தொண்டையைச் செருமினார். தொலைக்காட்சியில் கேட்ட அதே செருமல்.

“நாரே அம்மா, நான் மூணு விஷயம் சொல்லணும்.”

“அப்பா, இது ஸ்டுடியோ இல்லப்பா” என்றான் கியூமின்.

“முதலாவது, பொண்ணை எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ரெண்டாவது, இவனும் பிடிவாதமா இருக்கான். மூணாவது...” ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். “மூணாவது, அதோ.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். கடலுக்கு அப்பால் எதிர்க்கரை மலை பச்சையாகத் தெரிந்தது. வெயிலில் அழகாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

“அதுவா?” என்றாள் மல்சுன். “அது மலை சார். எங்கயும் போயிடாது.”

“அதுதான் என் கவலை. கல்யாணம் நடக்கட்டும், நான் குறுக்க நிக்கல. ஆனா ரெண்டு பேரும் இஞ்சியோன்லதான் இருக்கணும். வீடுகூடப் பாத்து வெச்சிட்டேன். இந்தத் தீவுல என் பையன் குடித்தனம் நடத்தறதுக்கு நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன்.”

நாரே சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தாள். “நான் வரமாட்டேன் மாமா. படகை விட்டுட்டு எங்கயும் வரமாட்டேன்.”

“நீ சும்மா இருடி” என்று மகளை அடக்கிவிட்டு, மல்சுன் மேங்கின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்—

சைரன் அலறியது.

மன்னிக்க வேண்டும். கதாசிரியன் வேண்டுமென்றே இங்கே கொண்டுவந்து வைத்த மாதிரிதான் இருக்கிறது. ஒரு வரைவில் சைரனைக் கால் மணி நேரம் தள்ளிவைத்துப் பார்த்தேன். அந்தக் கால் மணிக்குள் மல்சுன் தட்டை வீசினாள், மிரான் அழுதாள், மேங் குடும்பம் கப்பலுக்குக் கிளம்பிவிட்டது, கதையே முடிந்தது. ஆகவே வடக்கு எந்த நேரத்தில் ஏவியதோ அந்த நேரத்திலேயே விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுச் சம்பந்தப் பேச்சு அவர்களுடைய போர்த் திட்டத்தில் இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.

5

எல்லோருடைய போன்களும் ஒரே குரலில் கத்தின. எல்லோரும் பதுங்கு அறைக்கு ஓட வேண்டும் என்று உத்தரவு. தீவுக்காரர்கள் ஓடுவதில்லை, வேகமாக நடப்பார்கள். ஓடினால் பயந்தது போலத் தெரியும். மல்சுன் அடுப்பை அணைத்தாள், நண்டு ஜாடியை இடுப்பில் ஏந்திக்கொண்டாள், பிறகுதான் மகளைத் தேடினாள். மிரான் கிண்ணத்தோடு வந்தாள். மேங் மட்டும் ஓடினார். வாசலில் தன் செருப்பு கிடைக்காமல் மல்சுனின் ரப்பர் பூட்ஸில் காலைவிட்டு ஓடினார். அவை அவருக்குப் பொருத்தமாக இருந்தன என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பதுங்கு அறை பள்ளிக்கூடத்துச் சரிவுக்குக் கீழே, இரும்புக் கதவு போட்டு, ஆழமாக இருக்கிறது. உள்ளே யாருக்கு எந்த இடம் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். கணப்படுப்பு ஓரத்து இடத்துக்காக இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்தியிருக்கின்றன. இரு கொரியாக்களும் ஒருநாள் சேர்ந்துவிடலாம், அந்த இரண்டு வீடும் சேராது. அந்த அடுப்போரத்து இடம் இப்போது ஊர்த் தலைவர் தக்குடையது. மேங் நேராகப் போய் அதில்தான் உட்கார்ந்தார்.

தக் கணக்கெடுத்துக்கொண்டே வந்தவர் நின்றார்.

“யாருய்யா அது என் இடத்துல... அட! இது நம்ம ‘நிலைமை கடுமை’ இல்ல?”

அறை முழுவதும் திரும்பியது. அதுவரை வானத்தில் போகும் ஏவுகணையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதை மறந்தார்கள். ஏவுகணை எப்போது வேண்டுமானாலும் வரும். இந்த ஆள் இனி எப்போது கிடைப்பார்?

“சார், ஒரே ஒரு சந்தேகம். அடுத்த சில நாட்கள்னு சொல்றீங்களே, அது என்னைக்கு முடியும்?”

“போன வசந்தத்துல நீங்க ஒரு வாரம் விடாம அதையே சொன்னீங்க பாருங்க, அந்த வாரம் என் விடுதில எலிகூடத் தங்கல.”

“எங்க ஊருக்கு வர்றவங்க தாத்தாவையெல்லாம் நீங்கதான் சார் கொல்றீங்க.”

“டேய், விடுங்கடா, பாவம், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்காரு.”

தக் எல்லோரையும் கையமர்த்தினார். அவருக்கு நெடுநாளாக ஒரு கேள்வி இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “நேராவே சொல்லுங்க சார். பெரிய குண்டு இருக்கே, அதை எங்க மேல போடுவாங்களா?”

“இல்ல” என்றார் மேங். “அது பெரிய நகரங்களுக்கு, தூர தேசங்களுக்கு. உங்க தீவுக்கு அணு ஆயுதம் தேவைப்படாது. சாதாரணப் பீரங்கியே போதும்.”

தக்கின் முகம் சுருங்கிவிட்டது. “போதுமா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே வந்து, “நம்ம மூஞ்சிக்கு நேராவே சொல்றான் பாரு” என்றார். இத்தனை வருடம் எல்லையில் உட்கார்ந்திருப்பவரை ‘பீரங்கியே போதும்’ என்றால் வலிக்காதா?

6

“என்ன சார், காலு நடுங்குதா?” என்று மல்சுன் கேட்டாள். “டிவில மேசைக்குக் கீழ தெரியறதில்ல, இல்ல?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொத்தான் ஒன்று தெறித்தது.

“நடுங்குது நாரே அம்மா” என்றார் மேங்.

இதற்குப் பிறகு அவர் பேசியதை நான் மெருகேற்றவில்லை. முயன்றேன், ஒட்டவில்லை.

“எதிர்க்கரையில பீரங்கி வெடிச்சா, குண்டு விழுந்ததுக்கு அப்பறம்தான் இங்க சைரன் ஒலிக்கும். இந்த அறைக்கு நடந்து வர்றதுக்கெல்லாம் நேரம் இருக்காது. இது முதல் குண்டுல சாகாதவங்களுக்காகக் கட்டின இடம். அடுப்போரம் யாருக்குன்னு நீங்க சண்டை போடறீங்க. நான் படிச்சதெல்லாம் இதைப் பத்தித்தான், ராத்திரி தூக்கம் வராம படிச்சது. நீங்க பழகிட்டீங்க. பழகிப்போறது தைரியம் இல்லம்மா. எனக்கு ஒரே பையன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் சொன்னது எங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்றுமில்லை. எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைப் பதுங்கு அறைக்குள் உட்கார்ந்துகொண்டு சொல்வதில்லை, அவ்வளவுதான். வெளியூர்க்காரர் அந்த வழக்கத்தை உடைத்துவிட்டார். தக் இருமினார். யாரோ அடுப்பில் கரியைத் தள்ளினார்கள்.

மல்சுன் ஜாடியைக் கீழே இறக்கி வைத்தாள்.

“எனக்கும் ஒண்ணுதான் சார்” என்றாள்.

நாரே அம்மாவைப் பார்த்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை.

(இங்கே பின்னணியில் தூரத்து வெடிச்சத்தம் ஒன்று கேட்டால் நன்றாக இருக்கும் என்று பதிப்பாசிரியர் யோசனை சொன்னார். கேட்கவில்லை. பக்கத்தில் மிரான் கிண்ணத்தைச் சுரண்டும் சத்தம்தான் கேட்டது. “இவரு பேசறதைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பயம் தீந்துபோச்சு” என்றாள், யாரிடமும் இல்லாமல்.)

7

மேங்கின் போன் அடித்தது. தொலைக்காட்சிக்காரர்கள்.

“சார்! தீவுலயே இருக்கீங்களாமே! கடவுளாப் பாத்து அனுப்பியிருக்காரு! இன்னும் கொஞ்ச நேரத்துல நேரலை சார், அப்படியே போன்லயே...” என்று ஒரு பெண் குரல் கத்தியது. பிறகு விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு நின்றுபோனது. இந்த அறைக்குள் கதவருகே மட்டும் கொஞ்சம் சிக்னல் வரும். நன்றாகப் பேச வேண்டுமென்றால் வெளியே படியில் நிற்க வேண்டும்.

நிமிடத்தில் செய்தி அறை முழுவதும் பரவியது. நாடே கேட்கப் போகிறது.

“ஒண்ணுமில்லன்னு சொல்லிடுங்க சார். வழக்கமா நடக்கிறதுதான்னு சொல்லிடுங்க” என்றார் தக். தன் இடத்தைவிட்டு எழுந்திருக்கும்படி மேங்கிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. எவ்வளவு பெரிய மனசு.

“ஒண்ணுமில்லன்னு எப்படிச் சொல்றது? அது பொய்.”

“அப்பா, நீங்க கடுமைன்னு சொன்னீங்கன்னா இவங்க சீசன் போச்சு” என்றான் கியூமின். “அதுக்கப்பறம் நான் இந்த ஊர்ல எந்த மூஞ்சியோட இருக்கிறது?”

“நீ இந்த ஊர்ல இருக்கப்போறதே இல்லையேடா.”

நாரே எழுந்து நின்றாள். “நீங்க டிவில என்ன வேணும்னாலும் சொல்லுங்க மாமா. அதைக் கேட்டு நான் படகை விக்கப்போறதில்ல. இவரு வந்தா ரெண்டு பேரு. வராட்டி நான் ஒருத்தி.”



இப்போது மல்சுன் பேச வேண்டும். இந்த இடத்துக்காக நான் மிகவும் உழைத்திருக்கிறேன். முதல் வரைவில் அவள் சொன்னது: ‘உலக நாடுகளே, கேளுங்கள்! இந்த அலைகள் சாட்சியாக—’ இல்லை. மூன்றாவது வரைவில்: ‘நாங்கள் எதற்கும் அஞ்சாதவர்கள்’. அதுவும் இல்லை, அவளுக்குப் பல்லியைக் கண்டால் பயம். கடைசியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு அவள் உண்மையில் சொன்னதையே எழுதினேன்.

“ஆபத்துன்னே சொல்லுங்க சார். ஆபத்துதான். அதை மறைக்க வேணாம். கூடவே இந்த வருஷம் நண்டு நல்லா முட்டை வெச்சிருக்குன்னும் சொல்லுங்க. ரெண்டையும் சேத்துச் சொல்லுங்க. எங்க ஊரைப் பத்தி இதுவரைக்கும் யாரும் ரெண்டையும் சேத்துச் சொன்னதில்ல.”

மேங் திகைத்துப் பார்த்தார். “நாரே அம்மா, நான் ஆய்வாளன். நீங்க சொல்றது விளம்பரம்.”

“ஆமா. நீங்க இத்தனை வருஷமா எதிர்க்கரைக்காரனுக்கு ஓசில விளம்பரம் பண்ணினீங்க. அவன் ஒரு நாளாச்சும் உங்களுக்கு நண்டு போட்டிருக்கானா?”

அறை வெடித்துச் சிரித்தது. மிரான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். அணுகுண்டுகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட ஆய்வுகளில் இந்த ஒரு வரி எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொன்னது என் பக்கத்து வீடு. அதை எழுதிக்கொண்டது நான். பெருமைப்பட எனக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

மேங் கதவருகே போனார். போன் மறுபடி அடித்தது. தக் தாழ்ப்பாளில் கைவைத்துக்கொண்டு விதியைச் சொன்னார்: “வெளிய போறதுன்னா போங்க சார். ஆனா கதவு திறந்திருக்கக் கூடாது. நீங்க போனதும் சாத்திடுவேன்.”

மேங் நின்றார். ரப்பர் பூட்ஸுக்குள் கால்கள் நடுங்குவது பூட்ஸிலேயே தெரிந்தது. வெளியே திறந்த வானம். இருபது வருடம் வரைபடத்தில் குச்சியால் தொட்டுக் காட்டிய வானம். அவர் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தாலும் நாங்கள் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டோம். சொல்லியிருப்போம், ஆனால் அன்றைக்கு இல்லை.

உட்காரவில்லை. கதவைத் தள்ளினார்.

“எந்தப் படியில சிக்னல் வரும்னு இவருக்குத் தெரியாது” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு மல்சுனும் பின்னால் போனாள்.

தக் கதவைச் சாத்தினார்.

8

என்ன பேசினார் என்று கேட்கிறீர்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அது குண்டுக்குக் கட்டிய கதவு. காதை வைத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

ஆகவே முடிவுகள் சிலவற்றை எழுதி வைத்திருக்கிறேன்.

பதிப்பாசிரியருக்கான முடிவு: மேங் படியில் நிற்கிறார், வானத்தில் வெள்ளைக் கோடு, ‘நிலைமை—’ என்று தொடங்குகிறார், இணைப்பு அறுந்துவிடுகிறது. மயிர் சிலிர்க்கும்.

தக்குக்கான முடிவு: மேங் ‘ஒன்றுமில்லை’ என்கிறார். தாத்தாக்கள் அனைவரும் எழுந்து உட்காருகிறார்கள். விடுதிகள் நிரம்புகின்றன.

எனக்குப் பிடித்த முடிவில் மேங் ஆபத்தையும் சொன்னார், நண்டையும் சொன்னார், நாடு ஒரு நிமிடம் வாயடைத்துப்போனது. இரண்டு தடவை எழுதினேன், இரண்டு தடவையும் கண் கலங்கியது. என் கண் கலங்கினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவது என் வழக்கம்.

கேட்ட ஒருவரிடம் விசாரிக்கலாமே என்று, ஆஸ்பத்திரியிலிருக்கும் மல்சுனின் கணவருக்குப் பிற்பாடு போன் போட்டேன். அவருடைய அறையில் அன்று தொலைக்காட்சி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“கேட்டேன்ணே! எல்லாம் கேட்டேன்! அந்தாளு ‘இப்ப நான் தீவுல...’ன்னு ஆரம்பிச்சாரா, பின்னாலேர்ந்து ஒரு குரலு, ‘ஒரு படி மேல ஏறி நில்லுங்க, அங்கதான் தெளிவாக் கேக்கும்’னு. என் பொண்டாட்டிண்ணே! நாடு முழுக்க! அது என் பொண்டாட்டிடா, என் பொண்டாட்டிடான்னு கத்துனேன். காலு தொங்கிக்கிட்டிருக்குன்னுகூடப் பாக்கல. நர்ஸு ஓடி வந்துட்டா.”

“சரி, அதுக்கப்பறம் அவர் என்ன சொன்னாரு?”

“எங்கண்ணே கேக்க விட்டேன்? வார்டுல எவனுக்கும் கேக்கல. எல்லாரும் என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க.”

அன்று கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்தில் உத்தரவு நீங்கியது. ஏவியது தூரக் கடலில் விழுந்துவிட்டதாம். தக் கதவைத் திறந்தார். மேங்கும் மல்சுனும் படியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். போன் மேங்கின் சட்டைப் பைக்குள் போய்விட்டிருந்தது. மல்சுன் எதிர்க்கரையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மேங் வரைபடம் பார்ப்பவர்போல் அல்ல, ஊர் பார்ப்பவர்போல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கியூமினும் நாரேயும் மேலே வந்து நின்றார்கள். யாரும் கேட்கத் துணியவில்லை. நான் மல்சுனைத் தனியாக ஓரங்கட்டினேன்.

“என்னதான் சொன்னாரு?”

“அது சம்பந்திங்களுக்குள்ள பேசுனது. உனக்கெதுக்குண்ணே?”

அந்தச் சொல்லை அவள் அதுவரை ஒரு தடவைகூட உச்சரித்திருக்கவில்லை. மேங்கின் காதில் விழுந்தது. அவர் திருத்தவில்லை. ‘இன்னும் பேசி முடியலையே’ என்று சொல்லியிருக்கலாம். மூன்று விஷயம் சொல்லியிருக்கலாம். வானத்தைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார், சும்மா இருந்தார். அவர் ஒரு கேள்விக்குச் சும்மா இருந்ததை இந்த நாடு இதுவரை பார்த்ததில்லை.

பதிப்பாசிரியர் நேற்றும் அழைத்தார். அன்றைய ஒளிபரப்பின் பதிவு இணையத்தில் கிடைக்கிறதாம், அனுப்பி வைக்கட்டுமா என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். மேங் நாட்டுக்குச் சொன்னது நாட்டோடு போகட்டும். எனக்கு வேண்டியது அவர் பெண் வீட்டுக்குச் சொல்லும் பதில். அதற்கு அவர் ஒரு இரவு அவகாசம் கேட்டு, எதிர்க்கரைக்கு நேரான அறையில், இந்தத் தீவிலேயே படுத்தார்.

இதை நான் எழுதுவது மறுநாள் காலை நடந்ததைப் பார்த்த பிறகுதான். என் ஜன்னலிலிருந்து துறை தெரியும். மல்சுனின் படகு கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. இயந்திரம் ஒழுங்காக ஓடியது. மல்சுன் சுக்கான் அருகே, நாட்டுக்கே குரல் கொடுத்தவள் என்ற நிமிர்வோடு நின்றாள். நாரே கயிறு அவிழ்த்தாள். படகில் மொத்தம் எத்தனை பேர் ஏறினார்கள், கரையில் நின்று கையசைத்தவர்கள் யார், கப்பலுக்குப் பெட்டி தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் யார் என்பதெல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சொல்லப்போவதில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள், நீங்களே ஆட்களைப் படகில் ஏற்றிவிடுங்கள். கியூமினை ஏற்றுவதானால் ஏற்றுங்கள், அவன் அப்பாவைக் கேட்டுவிட்டு ஏற்றுங்கள். கேட்காமல் ஏற்றினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் சீக்கிரம். எதிர்க்கரையில் என்ன யோசிக்கிறார்களோ தெரியாது. இப்போதைக்குக் கடல் திறந்திருக்கிறது.